மணப்பாட்டில் நின்ற ஆல்ட்டோ

பூப்பாறை
27.05.2025

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் பிள்ளை அம்முவும் சம்பந்தியும் சுகமா இருக்க வேணும். பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா?

தாயி, 31ஆம் தேதி சனிக்கிழமை வர்றேன்னு பேசி வச்சிருந்தோம் இல்லையா, அன்னைக்கு வர முடியல. இங்க ஒரு வேலை இருக்கு. முடிச்சுட்டு வர்றேன். எப்பன்னு அப்புறம் எழுதுறேன். மருமகனைப் பொள்ளாச்சிக்கு அனுப்பிராதே. போன்ல சொல்லணும்னு நாலு தடவை எடுத்தேன். நீ எடுத்ததுமே, "அம்மா, உனக்குக் கட்டில் போட்டாச்சு, அம்மு தொட்டிலை உன் கட்டில் பக்கத்துல மாத்தியாச்சு"ன்னு ஆரம்பிச்சிருவ. எனக்கு வாய் வராது. அதான் எழுதுறேன். கோவிச்சுக்காதே.

பிள்ளையைக் குளிப்பாட்டினா காதுக்குப் பின்னாடி நல்லாத் துவட்டு. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அம்மா பூமாரி

*

கொழிஞ்சாம்பாறை
04.06.2025

அம்மாவுக்கு யோகப்பிரியா எழுதுவது.

நலம் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவள் நீ. சரி. அம்முவுக்கு இருமல் நின்றுவிட்டது. அஜய் சுகம். மாமா சுகம். நான் சுகமில்லை.

31ஆம் தேதி வரமாட்டேன் என்று நீ எழுதிய கடிதம் நேற்று, 3ஆம் தேதி, வந்து சேர்ந்தது. தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அதைக் கிழித்து வாய்க்காலில் போடலாம்போல இருந்தது.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று தெரியுமா? அஜய் பதினொரு மணிக்கே பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். உடுமலையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் எட்டிப் பார்த்தார். ஐந்தரை மணி நேரம். ஒரு கண்டக்டர், "யாரைங்க தேடறீங்க, போலீஸ்ல சொல்லிரட்டுங்களா" என்று கேட்டாராம். உன் போன் ஆஃப். அப்பா போன் ஆஃப். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். "வெள்ளிக்கிழமை விடியுமுன்ன பூட்டிட்டுப் போயிட்டாகளே, காரும் இல்லையே" என்றார். அதற்குப் பிறகு நான் மனுஷியாக இல்லை. மறையூர் வளைவு, லாரி, பள்ளம், என்னென்னவோ கண்ணுக்குள் ஓடியது. மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தேன். அம்முவுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் பால் இறங்கவில்லை. அவள் அழ, நானும் அழ, மாமா வாசலில் நடையாய் நடந்தார்.

ஐந்து இருபதுக்கு நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் அப்பா ஒரு போட்டோ போட்டார். நம் ஆல்ட்டோ. பின்னால் கடல். மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோவில். கீழே, "மணப்பாடு. நல்ல காத்து."

பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் காலையிலிருந்து சாப்பிடாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன்.

இதுதானா உன் வேலை?

பள்ளிக்கூடம் 2ஆம் தேதி திறந்துவிட்டது. என் வேலை தற்காலிக வேலை என்பது உனக்குத் தெரியும். தலைமை ஆசிரியையின் முன்னால் போய் நின்று ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். 9ஆம் தேதி நான் வகுப்பில் இல்லையென்றால் வேறு ஆள் வந்துவிடும். மாமியார் இல்லாத வீடு என்று தெரிந்துதானே கட்டிக்கொடுத்தாய்? ஆறு மாதக் குழந்தையை யாரிடம் கொடுத்துவிட்டு நான் கணக்குப் பாடம் நடத்தப் போவேன்?

அதைவிடப் பெரியது ஒன்று. அப்பாவின் கண். ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கவும் இல்லை. அந்த மனிதர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்து கடல் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய். உனக்குப் பயமே கிடையாதா?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத இன்று மனம் இல்லை.

யோகப்பிரியா

*

பூப்பாறை
10.06.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நாங்க சுகம். நேத்து நீ பள்ளிக்கூடம் போனியா, பிள்ளையை யார் வச்சிருந்தான்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. போன்ல கேட்டேன், "மாமா வச்சிருந்தார்"ன்னு சொன்ன. அவருக்குப் புண்ணியமாப் போகும்.

ஒண்ணு சொல்லிர்றேன். போன்ல நாம பிள்ளையைப் பத்தி மட்டும் பேசுவோம். இந்தச் சண்டையைக் கடுதாசியில வச்சுக்குவோம். கடுதாசின்னா நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ குறுக்க வர முடியாது.

மருமகனை நிக்க வச்சது தப்புதான். கடுதாசி நாலு நாள்ல வந்துரும்னு நெனச்சேன். மருமகன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.

மத்தபடி, போனோம். வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போய் ராத்தங்கி, சனிக்கிழமை விடிஞ்சதும் கடலோர ரோட்டைப் பிடிச்சு தெக்காம போனோம். குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை. ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு பிரியா. ஒரு பக்கம் பனை, செம்மண் தேரி மேடு. மறுபக்கம் கடல். கடல் முழுக்க உங்க அப்பா பக்கந்தான், எனக்கு ரோடுதான் வாய்ச்சது. அவருக்கு நேரா இருக்கிறது தெரியும், ஓரம் தெரியாது. அதனால முகத்தைக் கடலுக்கு நேரா திருப்பி வச்சுக்கிட்டே வந்தாரு. பெரியதாழையில ரோட்டு மேலயே வலை காயப் போட்டிருந்தாங்க. ஹாரன் அடிக்க மனசு வரல. நின்னுக்கிட்டே இருந்தோம். ஒரு பாட்டியம்மா வந்து வலையைச் சுருட்டி, "போங்க, சீமையிலருந்து வந்தவுகளா"ன்னு கேட்டுச்சு. மணப்பாட்டுல காத்துக்கு மணல் ஏறி ரோடே இல்ல. வண்டி ஒரு தடவை சிக்குச்சு. நாலு பையங்க தள்ளிவிட்டாங்க. உவரியில மீன்குழம்பு. இடிந்தகரை தாண்டினா கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடி, எங்க பாத்தாலும் காத்தாடி.

எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல. நல்லா இருந்துச்சு.

பிள்ளைக்குக் கூழ் ஆரம்பிச்சிட்டியா? தண்ணியாக் குடு.

அம்மா பூமாரி

*

கொழிஞ்சாம்பாறை
16.06.2025

அம்மா,

அம்முவுக்குக் கூழ் ஆரம்பித்தாயிற்று. துப்புகிறாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஒரு வாரமாக வகுப்பில் கத்திக் கத்தி. விசாரித்ததற்கு நன்றி.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். ஏன் அந்த நாளில் போனாய், எப்போது வருவாய். இரண்டுக்கும் அதில் பதில் இல்லை. காத்தாடி இருக்கிறது, மீன்குழம்பு இருக்கிறது.

"வண்டி ஒரு தடவை சிக்குச்சு" என்று எவ்வளவு லேசாக எழுதுகிறாய்! ஏன் சிக்கியது? ஓரம் தெரியாதவர் மணலில் கொண்டுபோய் இறக்கினார், அதனால் சிக்கியது. ஓரம் தெரியாது என்று நீயே எழுதுகிறாய், அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார் என்றும் எழுதுகிறாய். ரோட்டை யார் பார்த்தது? பூப்பாறையிலிருந்து போடிமெட்டு இறங்க வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒன்றில் அவர் கண் தவறியிருந்தால், அம்மு பாட்டி முகம் தெரியாமல் வளர்ந்திருப்பாள்.

இங்கே நிலைமையைச் சொல்கிறேன். மாமா அம்முவைத் துண்டில் கட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போகிறார். தேங்காய் போடுகிறவர்கள் மேலே இருக்க, இவர் கீழே குழந்தையோடு நிற்கிறார். நேற்று அவரே வந்து, "ஏனம்மிணி, உங்கம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்லையோ என்னமோ, கோவிச்சுக்காத. நா ஒரு மாசம் பாத்துக்கறேன், அதுக்கு மேல எனக்கு இடுப்பு தாங்காது" என்றார். எழுபது வயதானவர். எனக்குக் கூசிப்போயிற்று. அவருக்கு என்ன பதில் சொல்வது? என் அம்மாவுக்கு மேலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, கடற்கரையில் காற்று வாங்குகிறாள் என்றா?

ஊர் உலகத்தில் பெண் பெற்றவர்கள் எல்லாரும் முதல் குழந்தைக்கு வந்து நிற்கிறார்கள். அடுத்த வீட்டில் பார்க்கிறேன், எதிர்வீட்டில் பார்க்கிறேன். நீ ரிட்டையர் ஆகிவிட்டாய். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். எஸ்டேட் லயத்து வீட்டையும் விட்டாயிற்று. இரண்டு பேருமே இங்கே வாருங்கள் என்றுதானே சொன்னேன்? இதில் உனக்கு என்ன கஷ்டம்? சொல்லேன்.

யோகப்பிரியா

*

பூப்பாறை
20.06.2025

மகள் பிரியாவுக்கு அப்பா எழுதுறது. எழுத்துப் பெருசா இருக்கும், வரி கோணி ஓடும். பாத்துப் படி. எனக்கு ஒடம்பு நல்லா இருக்கு. பேத்திக்கு முத்தம்.

நீ எழுதுற கடுதாசியை உங்க அம்மாதான் எனக்கு வாசிச்சுக் காட்டுறா. திட்டு வர்ற எடத்துலயும் குரல் மாறாம வாசிக்கிறா. அதான் எனக்குப் பயமா இருக்கு.

போனது என் யோசனை. திட்டணும்னா என்னைத் திட்டு. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுனவன், ஏகப்பட்ட தொரைமாருங்க வாயைக் கேட்டவன். எனக்குப் பழக்கம். உங்க அம்மாவை விட்டுரு. வண்டியில ஒரு கீறல் இல்ல. மருமகனைக் கேட்டதாச் சொல்லு.

நல்லதம்பி

*

கொழிஞ்சாம்பாறை
26.06.2025

அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்தேன். போன வருஷம் இப்படி இல்லையே. கண் மருத்துவரிடம் மறுபடி எப்போது போகிறீர்கள்? சொட்டு மருந்து மூன்று வேளையும் விடுகிறீர்களா?

யோசனை உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அம்மாவுக்குத் தானாக இப்படியெல்லாம் தோன்றாது. அவளை உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தீர்கள்போல. எதிரே ஒரு ஸ்கூல் பிள்ளை சைக்கிளில் வந்திருந்தால்?

திட்டப் போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அஜய் அங்கே வருவார். சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். காரை அவர் இங்கே ஓட்டி வந்துவிடுவார். அடுத்த வாரம் பஸ்ஸில் நீங்களும் அம்மாவும் கிளம்பி வாருங்கள். தயவுசெய்து மறுக்க வேண்டாம். குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு சனிக்கிழமையை என்னால் தாங்க முடியாது.

உங்கள் மகள்
யோகப்பிரியா

*

கொழிஞ்சாம்பாறை
05.07.2025

அம்மா,

இங்கே உடம்பு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. என் புருஷனுக்கு மிக நன்றாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

காரை எடுத்துவரப் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். கையில் ஏலக்காய்ப் பொட்டலம். "கார் எங்கே?" என்றேன். "அங்கதான் நிக்குது." "சாவி?" "யாருகிட்ட இருக்கோணுமோ அவங்ககிட்ட இருக்குது." எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கண் தெரியாதவரிடமா என்று கத்தினேன். அதற்கு, "அத்தைகிட்டயே கேட்டுக்கோ. நான் வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்கிறார்.

என்ன வாக்கு? யாருக்கு? நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒன்றை மறைக்கிறீர்கள். நான்தான் இந்தக் குடும்பத்தில் பைத்தியக்காரியா? காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, பாலைப் பிழிந்து பாட்டிலில் வைத்து, மாமாவுக்குக் கஞ்சி வைத்து, ஓடி, நின்றுகொண்டே பாடம் நடத்தி, பால் கசிந்து சட்டை நனைந்து, மத்தியானம் ஓடி வந்து, மறுபடி ஓடுகிறேன். எனக்காக ஒரு மாதம் வந்து உட்கார முடியாத என் அம்மா என் புருஷனோடு சேர்ந்து ரகசியம் வைத்திருக்கிறாள்.

சொல்லிவிடு. என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். நீ வரமாட்டாய் என்றால் அதையும் எழுதிவிடு. நான் வேறு வழி பார்க்கிறேன். இனிமேல் காத்திருக்க மாட்டேன்.

யோகப்பிரியா

*

பூப்பாறை
14.07.2025

யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுறது. சுகந்தான். மழை விடாம பெய்யுது.

ஏட்டி, நீ இதுவரைக்கும் நாலு கடுதாசி போட்டுட்ட. அப்பா கண்ணைப் பத்திக் கேட்ட, சாவியைப் பத்திக் கேட்ட, வளைவு எத்தனைன்னு எண்ணிக்கூட எழுதின. ஓட்டினது யாருன்னு ஒருதடவை கேட்டியா?

நான்தான் ஓட்டினேன்.

போடிமெட்டு பதினேழு வளைவும் நான்தான் எறக்கினேன். திருச்செந்தூர்லருந்து கன்னியாகுமரி வரைக்கும் நான்தான். மணல்ல சிக்க வச்சதும் நான்தான், அதுக்கு உங்க அப்பா கண்ணைக் குத்தம் சொல்லாதே. வலது பக்கம் ஸ்டீயரிங், இடது பக்கம் கடல், அதான் எனக்கு ரோடு மட்டும் வாய்ச்சதுன்னு எழுதினேன். கணக்கு டீச்சருக்கு இது பிடிபடல.

சனவரியிலருந்து பக்கத்து ஊர் ராஜகுமாரியில ஜின்சி டீச்சர்கிட்ட வண்டி ஓட்டப் படிச்சேன். எங்கூடப் படிச்சதெல்லாம் பத்தொம்பது இருபது வயசுப் பிள்ளைங்க. முதல் தடவை டெஸ்ட்டுல, கம்பி நட்டு வச்ச எடத்துல எச் எழுத்து மாதிரி வண்டியை எடுக்கிறப்ப கம்பியைத் தட்டிட்டேன், தோத்துட்டேன். ரெண்டாம் தடவை ஒரு கம்பியும் ஆடல. இன்ஸ்பெக்டர் எறங்கி, "அம்மச்சி முன்னாடி வண்டி ஓட்டியிருக்கோ"ன்னு கேட்டாரு. இல்ல சார், கொழுந்து எடுத்திருக்கேன்னு சொன்னேன். மே 22ஆம் தேதி லைசென்ஸ் வீட்டுக்கு வந்துச்சு.

ஏன் உன்கிட்ட சொல்லலன்னு கேப்ப. போன வருசம் தீபாவளிக்குப் போன்ல, "எனக்கு வண்டி பழகணும்போல இருக்கு பிரியா"ன்னு சொன்னேன். நீ சிரிச்ச. "அம்மா, நீ பஸ்ஸுல ஏறினாலே எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டு வருவியே"ன்னு சொல்லிச் சிரிச்ச. சரின்னு வச்சிட்டேன். அப்புறம் யார்கிட்டயும் சொல்லல. உங்க அப்பாகிட்ட அப்பவே வாக்கு வாங்கிக்கிட்டேன், மருமகன்கிட்ட போன மாசந்தான் வாங்கினேன். அன்னைக்கு மருமகன் சாவி கேட்டு வந்து நின்னாரு. "ஏறுங்க மருமகனே"ன்னு சொல்லி பஸ்ஸுக்குப் போடி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மலையடிவாரத்து முந்தல் வர்றவரைக்கும் கைப்பிடியை விடல அவரு. அப்புறந்தான் சிரிச்சாரு.

இப்ப நீ கேட்ட மத்த கேள்விக்கு வர்றேன். இதில் உனக்கு என்ன கஷ்டம்னு கேட்டிருந்த.

முப்பத்தினாலு வருசம் நான் மலையேறி எறங்கினேன். உங்க அப்பா கொழுந்து லாரியில என்னைத் தாண்டிப் போவாரு. லாரியில பொம்பளை ஏறக்கூடாதுன்னு சட்டம். கையை ஆட்டிட்டுப் போவாரு. மேனேஜர் சம்சாரத்தை ஜீப்புல கன்னியாகுமரிக்கு மூணு தடவை கூட்டிட்டுப் போயிருக்காரு. ராத்திரி வந்து கடல் அப்படி இருந்துச்சு, இப்படி இருந்துச்சுன்னு சொல்வாரு. நான் சோறு போட்டுக்கிட்டே கேப்பேன். நீ வர்றியான்னு அவரும் கேட்டதில்ல. யோசனை தன்னோடதுன்னு எழுதினாரே, அதுவும் பொய்தான். எனக்காகச் சொன்னது.

உனக்கு அம்பத்திரெண்டு நாள் ஆனப்ப உன்னை எஸ்டேட்டுப் பிள்ளைங்களைப் பாத்துக்கிற கிரச்சுல விட்டுட்டு நான் வேலைக்குப் போனேன். எனக்கு எந்த அம்மாவும் வந்து உக்காரல. அதுக்காக நீயும் படுன்னு சொல்லல. ஆனா நீ வருவியான்னு கேக்கல பிரியா. கட்டில் போட்டாச்சுன்னு சொன்ன. அம்மு பள்ளிக்கூடம் போறவரைக்கும்னு நீயே முடிவு பண்ணின. அஞ்சு வருசம். அப்ப எனக்கு அறுபத்திமூணு, உங்க அப்பாவுக்குக் கண்ணு முழுசாப் போயிருக்கும். அது போறதுக்கு முன்னாடி ஒரு நாள் எடுத்துக்கிட்டேன். உன்கிட்ட கேட்டிருந்தா நீ தந்திருக்க மாட்ட. அதனால கேக்கல.

நான் உங்கூட வந்து தங்க மாட்டேன். நீ எழுதச் சொன்ன, எழுதிட்டேன்.

பிள்ளைக்குப் பல் வந்தா ஈறைத் துணியால தொடச்சு விடு.

பூமாரி

*

கொழிஞ்சாம்பாறை
10.08.2025

அம்மாவுக்கு,

பதில் எழுத நாலு வாரம் ஆகிவிட்டது. மூன்று கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். அம்முவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. ஈறைத் துடைத்துவிடுகிறேன். போனில் நீ அதைத் தவிர எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. அப்போது எனக்கு எட்டு மாதம், கால் வீங்கியிருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. உன்னைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இல்லை. அதுதான் எரிகிறது. இல்லை, நான் சிரிக்கவில்லை என்று உன்னோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

ஆனால் கோபம் போகவில்லை அம்மா. வண்டி பழகினாய், நல்லது. எச் எடுத்தாய், நல்லது. வகுப்பில் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி இரண்டாம் தடவை பாஸானாள், நீங்கள் மறுபரீட்சைக்கு அழுகிறீர்களே என்று. அது யார் என்று சொல்லவில்லை. அதெல்லாம் இருக்கட்டும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நான் போன் செய்துகொண்டிருந்த நேரத்தில் நீ போனை அணைத்துவிட்டு மீன்குழம்பு சாப்பிட்டாய். அதற்கு உன் பக்கம் எந்த நியாயமும் கிடையாது. அதை மட்டும் நீ எந்தக் கடிதத்திலும் தொடவில்லை.

கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். "அடுத்த மாதம் போயேன், கடல் எங்கே ஓடிவிடும்" என்றிருப்பேன். அடுத்த மாதமும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதை மறைத்து எழுதியதால்தான் மூன்று கடிதங்களைக் கிழித்தேன்.

மாமாவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. போன திங்கள்கிழமையிலிருந்து அம்முவை ஸ்ரீஜா டீச்சர் வைத்திருக்கும் காப்பகத்தில் விடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பதினொரு குழந்தைகள். சுத்தமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் அவளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அழவில்லை அவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெருமுனை வரைக்கும் ஏழு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் போய் நின்று, போர்டில் தேதியைத் தப்பாக எழுதினேன்.

நீ என்னை விட்டுவிட்டுப் போன அன்று திரும்பிப் பார்த்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

யோகப்பிரியா

*

பூப்பாறை
18.08.2025

மகளுக்கு அம்மா எழுதுறது. சுகம். பிள்ளைக்கு ரெண்டு பல் வந்ததை மூக்கம்மாள்கிட்ட சொன்னேன், அவளுக்கும் சந்தோசம்.

திரும்பிப் பாக்கல.

கிரச்சுலருந்து மேல ஏறினா ஒரு வளைவு வரும். அங்க நின்னா கிரச் வாசல் நல்லாத் தெரியும். அந்த எடம் வந்தா கூடைக் கயித்தைச் சரி பண்றமாதிரி தலையைக் குனிஞ்சுக்குவேன். பாத்திருந்தா எறங்கி வந்திருப்பேன். எறங்கி வந்திருந்தா வேலை போயிருக்கும், லயத்து வீடு போயிருக்கும். பத்து மணிக்குப் பால் குடுக்க விடுவாங்க. மலையிலருந்து ஓடி வருவேன். மத்த பிள்ளைங்க அழுதுக்கிட்டு இருக்கும். நீ அழமாட்ட. பாத்துக்கிட்டே இருப்ப. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

அப்ப எனக்கு யாரு மேல கோவப்படுறதுன்னு தெரியல. அந்தக் கோவத்தை இப்ப உன்மேல காட்டிட்டேனோ என்னமோ.

போனை அணைச்சது தப்பு. நீ கூப்பிட்டா திரும்பிருவேன்னு எனக்குத் தெரியும், அதான் அணைச்சேன். மருமகனுக்குத் தப்பு பண்ணினேன், உனக்கும் பண்ணினேன். ஆனா திரும்பியிருக்கணும்னு இப்பவும் தோணல. இதையும் எழுதிர்றேன்.

தங்க வரமாட்டேன்னு சொன்னதுல மாத்தமில்ல. ஓணத்துக்கு உங்களுக்கு லீவு விடுவாங்க இல்லையா. செப்டம்பர் 3ஆம் தேதி வர்றேன். நாலு நாள் இருப்பேன். நானே ஓட்டிக்கிட்டு வர்றேன், உங்க அப்பாவும் வருவாரு. அஞ்சாம் நாள் நிக்கச் சொல்லாதே. வரட்டுமா? வேண்டாம்னாலும் எழுது. போன்ல சொல்லாதே.

அம்மா

*

கொழிஞ்சாம்பாறை
24.08.2025

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கே அனைவரும் நலம். இந்தத் தடவை பொய்யில்லை.

வா. 3ஆம் தேதியே வா. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வராதே. நாலு நாளும் சண்டை போடுவேன். கடிதத்தில் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. குறுக்கே பேசுவேன். நீயும் பேசு.

அப்பாவின் சொட்டு மருந்தை மறந்துவிடாதே. போடிமெட்டில் மழையாக இருந்தால் ஓரம்கட்டி நின்றுவிட்டு வா, இருட்டுவதற்குள் வர வேண்டும் என்று அவசரப்படாதே. போனை அணைக்காதே. பழனி தாண்டியதும் ஒரு தடவை, பொள்ளாச்சி தாண்டியதும் ஒரு தடவை அப்பாவைப் பேசச் சொல். நடுப்புணி செக்போஸ்ட் தாண்டினால் அரை மணி நேரம்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் தோப்புக்குள் திரும்புகிற இடத்தில் வாய்க்கால்மேல் ஒரு பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. மாமாவின் டிராக்டரே இஞ்ச் பார்த்துத்தான் நுழையும். அஜய் வந்து ஓட்டித் தருகிறேன் என்பார். சாவியைக் கொடுத்துவிடாதே. பாலத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு எனக்குப் போன் செய். அம்முவை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்து நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். என் கையைப் பார்த்துக்கொண்டே நேராக வா.

மகள்
யோகப்பிரியா